மூன்று நாளா, மூன்று மணி நேரமா?

எங்கள் பெரியப்பா மகன் வீட்டு அடுக்களைச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. மதினி அதில் பால் கணக்கு எழுதுவார். போன அக்டோபரிலிருந்து அதே கட்டங்களில் அண்ணனும் சிவப்புப் பேனாவால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வருகிறார். மில்லுக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குறி. செவ்வாய், வியாழன், சனி. வாரத்துக்கு மூன்றுதான். மார்ச் 31-க்குள் அது 78 ஆகவேண்டும். 77 என்றால் ஒன்றுமில்லை.

இந்த 78 எங்கிருந்து வந்தது, ஏன் ஒரு விரல் போன மனிதர் காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஊனமோ, நாள்பட்ட நோயோ வந்த பிறகு முழு நேர வேலை முடியாது, ஆனால் வீட்டில் சும்மா இருக்கவும் முடியாது என்கிற நிலையில் நம் திருநெல்வேலிப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அம்பாசமுத்திரம், பேட்டை, தாழையூத்து, கங்கைகொண்டான் என்று மில்லும் ஆலையும் இருக்கிற ஊர்களில் ஒரு வகை. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றுகிறவர்கள் இன்னொரு வகை. டவுன் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கிறவர்கள் மூன்றாவது வகை. ஊருக்கு இரண்டு பேருக்கு நான் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவன். அந்தப் பழக்கத்தில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். சட்டம் நாளைத்தான் எண்ணுகிறது. உடம்பு மணியைத்தான் எண்ணுகிறது. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் பணம் போகிறது.

அண்ணன் கதையிலிருந்தே வருகிறேன். ஆடி பிறந்த முதல் வாரம், மில்லில் மிஷினைச் சுத்தம் செய்யும்போது வலது கை ஆள்காட்டி விரல் அடியோடு போய்விட்டது. வேலையில் நடந்த விபத்து என்பதால் இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளியும் முதலாளியும் பங்களிப்புக் கட்டும் அரசுக் காப்பீடு) 'தற்காலிக ஊன உதவி' கிடைத்தது. சராசரி தினக்கூலியில் 90 சதவீதம். அவருக்கு நாள் கூலி 500 ரூபாய், ஆக ஒரு நாளைக்கு 450. சாதாரணக் காய்ச்சல், டைபாய்டு என்று லீவு போட்டால் கிடைப்பது 'நோய்க்கால உதவி', அது 70 சதவீதம்தான், அதுவும் வருஷத்துக்கு 91 நாள் வரைதான். விபத்துக்கு அந்த வரம்பு கிடையாது. காயம் ஆறும்வரை வரும்.

ஆறு வாரம் கழிந்ததும் மில்லிலிருந்து போன். 'அண்ணாச்சி, ஆளு இல்ல. காலையில நாலு மணி நேரம் வந்து சும்மா மேற்பார்வை பாத்தா போதும், அரை நாள் சம்பளம் போட்டுருதோம்.' நல்ல மனசோடுதான் கூப்பிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அண்ணனும் போனார். நான்கு அரை நாள். 250 வீதம் 1000 ரூபாய் வந்தது. மாதக் கடைசியில் பார்த்தால் அந்த நான்கு நாளுக்கும் இ.எஸ்.ஐ. பணம் வரவில்லை. நான்கு நானூற்றைம்பது, 1800. கைக்கு வந்தது ஆயிரம், கைவிட்டுப் போனது ஆயிரத்து எண்ணூறு. கட்டுப் போட்ட கையோடு நாலு நாள் மில்லுக்குப் போய் எண்ணூறு ரூபாய் நஷ்டப்பட்டு வந்தார்.

இதில் யாரும் ஏமாற்றவில்லை. 1948-ஆம் வருஷத்து இ.எஸ்.ஐ. சட்டத்தின் 63-ஆவது பிரிவு நேராகவே சொன்னது: வேலை பார்த்த எந்த நாளுக்கும் நோய்க்கால உதவியோ, தற்காலிக ஊன உதவியோ கிடையாது. 'நாள்' என்றுதான் இருக்கிறது. எட்டு மணி நேரம் பார்த்தாலும் நாள், அரை மணி நேரம் பார்த்தாலும் நாள். டாக்டர் தரும் சான்றிதழும் அப்படித்தான். வேலைக்குப் போகலாம் அல்லது போகக்கூடாது. 'காலையில் மட்டும் போகலாம்' என்று எழுதுவதற்கு அதில் கட்டம் இல்லை. உதவித்தொகை கேட்கும் படிவத்தில் 'இந்த நாட்களில் நான் வேலை பார்க்கவில்லை' என்று கையெழுத்தும் போட வேண்டும். அரை நாள்தானே என்று மறைத்துக் கையெழுத்துப் போட்டால் 84-ஆவது பிரிவு இருந்தது, ஆறு மாதம் வரை சிறை. அண்ணன் மறைக்கவில்லை, அது வரைக்கும் நல்லது.

(இந்தச் சட்டத்தையெல்லாம் சேர்த்து 2020-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு என்று ஒன்று இயற்றி, 2025 நவம்பர் 21-லிருந்து நடைமுறைக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். மனு எழுதும்போது பழைய பிரிவு எண்ணைப் போட்டுவிட வேண்டாம், அலுவலகத்தில் கேட்டுப் போடுங்கள்.)

இதே சட்டத்தில் தொழிலாளிக்குச் சாதகமாக 73-ஆவது பிரிவும் இருந்தது. நோய்க்கால உதவியோ தற்காலிக ஊன உதவியோ வாங்கும் காலத்தில் முதலாளி வேலையை விட்டு நிறுத்தக்கூடாது. அதனால் 'இப்ப வரலேன்னா வேற ஆளு போட்டுருவோம்' என்று போனில் வரும் மிரட்டலுக்கு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. கட்டு பிரிக்கும் வரை முழுசாக வீட்டில் இருப்பதுதான் கணக்குப்படியும் லாபம், கைக்கும் நல்லது.

மணி நேரத்தை எண்ணுகிற நாடுகளும் இருக்கின்றன. ஜெர்மனியில் உழைப்புத் திறன் குறைந்தவர்களுக்கான ஓய்வூதியமே மணிக் கணக்கில்தான். ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் உழைக்க முடியும் என்றால் முழுத் தொகை. மூன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் என்றால் பாதி. பிரிட்டனில் நோய் உதவி வாங்குகிறவர் வாரத்துக்கு 16 மணி நேரத்துக்குள், ஒரு வருமான வரம்புக்குள் வேலை பார்க்க அனுமதி உண்டு. அமெரிக்காவில் மணி இல்லை, பணம். 2025-ல் மாதம் 1620 டாலருக்கு மேல் சம்பாதித்தால் 'இவர் வேலை பார்க்கக்கூடியவர்' என்று முடிவு கட்டுவார்கள். ஆனால் அதற்கு முன்னால், ஐந்து வருஷத்துக்குள் ஒன்பது மாதம், எவ்வளவு சம்பாதித்தாலும் உதவியை வெட்டாமல் வேலை பார்த்துப் பார்க்க விடுவார்கள். பார்த்துவிட்டு முடியவில்லை என்றால் திரும்பலாம். நம்மிடம் இல்லாதது இந்தப் 'பார்த்துப் பார்க்கும்' காலம்தான். அண்ணனுக்கு அந்த நாலு அரை நாளும் அப்படி ஒரு சோதனையாக இருந்திருக்க வேண்டியது. அபராதமாகப் போயிற்று.

சரி, காயம் ஆறிவிட்டது, விரல் திரும்ப வரப்போவதில்லை. இப்போது கணக்கு அடியோடு மாறுகிறது. இ.எஸ்.ஐ. மருத்துவ வாரியம் உட்கார்ந்து 'சம்பாதிக்கும் திறனில் இத்தனை சதவீதம் இழப்பு' என்று முடிவு செய்யும். இதற்கு ஒரு பட்டியலே இருக்கிறது. ஒரு கை மணிக்கட்டோடு போனால் 60 சதவீதம், கட்டை விரலுக்கு 30, ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14. அண்ணனுக்கு 14. 450-ல் 14 சதவீதம் 63 ரூபாய், ஒரு நாளைக்கு. முப்பது நாளுக்கு 1890. இது 'நிரந்தர ஊன உதவி', ஆயுள் முழுக்க வரும்.

ரொம்பப் பேருக்குத் தெரியாத விஷயம் இங்கேதான் இருக்கிறது. 63-ஆவது பிரிவின் தடை தற்காலிக உதவிக்கு மட்டும்தான், நிரந்தர உதவிக்கு இல்லை. முழு நேரம் வேலை பார்த்தாலும், ஓவர்டைம் பார்த்தாலும், வேறு ஊரில் கடை வைத்தாலும் அந்த 63 ரூபாய் வந்துகொண்டே இருக்கும். விபத்து நடந்த சமயத்துச் சம்பளத்தை வைத்துத்தான் அது கணக்கிடப்படுகிறது. பின்னால் நேரத்தைக் குறைத்ததால் அதுவும் குறையாது. 'வேலைக்குப் போனா பென்சனை நிறுத்திருவாங்களோ' என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். மூன்று வருஷம் இருந்தார். யாரோ டீக்கடையில் சொன்னதாம்.

இதிலேயே இன்னொரு குழப்பமும் உண்டு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குத் தரும் சதவீதம் வேறு, இ.எஸ்.ஐ. வாரியம் தரும் சதவீதம் வேறு. முன்னது உடம்பின் குறையை அளப்பது, பின்னது சம்பாத்தியத்தின் குறையை அளப்பது. ஒன்றைக் கொண்டுபோய் இன்னொன்றுக்கு நீட்டினால் எடுபடாது. அரசு உதவிகள் பெரும்பாலானவற்றுக்கு வாசல் 40 சதவீதம். ஒரு விரல் போனவருக்கு அந்த வாசல் திறக்காது.

இனி 78. கை ஆறினாலும் அண்ணனால் எட்டு மணி நேரம் பிடிமானத்தோடு வேலை பார்க்க முடியவில்லை. மதியத்துக்கு மேல் இல்லாத விரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை சுரீர் என்று இழுக்கிறது என்கிறார். 'இல்லாத வெரலு வலிக்குதுன்னா எவன்டே நம்புவான்' என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். வாரத்துக்கு மூன்று நாள் வருகிறேன் என்று மில்லில் பேசி வாங்கிவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தடுத்திருப்பேன்.

இ.எஸ்.ஐ.யில் வருஷம் இரண்டு பாதி. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. ஒரு பாதியில் குறைந்தது 78 நாளுக்குச் சம்பளம் வாங்கி, பங்களிப்புப் பிடித்திருந்தால்தான் அதற்குரிய அடுத்த ஆறு மாதத்தில் நோய்க்கால உதவி கேட்க முடியும். அக்டோபர்–மார்ச் கணக்கு ஜூலையிலிருந்து டிசம்பர் வரைக்கும் காப்பு. ஆறு மாதத்துக்கு 26 வாரம். வாரம் மூன்று நாள் என்றால் 26-ஐ மூன்றால் பெருக்கினால் 78, சரியாக. ஒரு நாள் பேதியாகிப் படுத்தால் 77. ஆறு மாதப் பாதுகாப்பும் போச்சு. இந்த எண் இப்படி வந்து பொருந்துவது தற்செயலோ என்னவோ, மூன்று நாள் வேலைக்காரனுக்கு இது கத்தி முனை.

அப்படியானால் நாளைக் குறைக்காமல் மணியைக் குறைப்பதுதானே நல்லது? தினமும் அரை நாள், வாரம் ஆறு நாள் போனால் ஆறு மாதத்தில் 156 நாள், பயமே இல்லை. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. நோய்க்கால உதவி என்பது சராசரி தினக்கூலியில் 70 சதவீதம். மூன்று நாள் முழுசாகப் போகிறவருக்குத் தினக்கூலி 500-தான், உதவி 350. ஆறு நாளும் அரை நாள் போகிறவருக்குத் தினக்கூலி 250 ஆகிவிடும், உதவி 175. இருவருக்கும் வாரச் சம்பளம் ஒன்றுதான், 1500. 91 நாளும் படுத்தால் முன்னவருக்கு 31,850, பின்னவருக்கு 15,925. ஆனால் முன்னவர் ஒரு நாள் தவறினால் பூஜ்யம். இந்த இரண்டுக்கும் நடுவே வாரம் நான்கு நாள், ஒவ்வொரு நாளும் ஆறு மணி நேரம் என்று ஒரு வழி இருக்கிறது. வாரச் சம்பளம் அதே 1500, தினக்கூலி 375, உதவி 262 ரூபாய் ஐம்பது காசு, நாள் கணக்கு 104. இருபத்தாறு நாள் வரை தவறலாம். என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். மில்காரர்களுக்கு ஷிப்ட் கணக்கு இடிக்கும், அதனால் ஒத்துக்கொள்வது கஷ்டம்தான். கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

மணியானாலும் நாளானாலும் குறைக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் அடிபடுவது பி.எஃப். பென்சன். 2014 செப்டம்பரிலிருந்து கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை வைத்துத்தான் பென்சன் போடுகிறார்கள். அதற்கு முன்னால் கடைசி 12 மாதம் பார்த்தார்கள். கணக்கு இதுதான்: அந்தச் சராசரியை வேலை பார்த்த வருஷங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். மாதம் 13,000 வாங்கியவருக்கு பதினைந்து வருஷ சர்வீஸ் என்றால் சுமார் 2786 ரூபாய். அவரே 53 வயதில் பாதி நேரத்துக்கு இறங்கி, 58 வரை 6500 வாங்கினால் சுமார் 1393. ஐந்து வருஷம் கஷ்டப்பட்டு மில்லுக்குப் போனதற்குக் கூலி பாதிப் பென்சன். பத்து வருஷ சர்வீஸ் இருந்தால் ஐம்பது வயதிலேயே வேலையை விட்டுப் பென்சன் வாங்கவும் வழி இருக்கிறது, 58-க்கு எத்தனை வருஷம் முன்னால் வாங்குகிறோமோ வருஷத்துக்கு 4 சதவீதம் குறைப்பார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் மணி நேரத்தைக் குறைக்கும் முன் இந்த இரண்டு கணக்கையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிடுவது நல்லது.

இதே பி.எஃப். திட்டத்தில் ஊனப் பென்சனும் உண்டு. ஒரே ஒரு மாதம் பங்களிப்புக் கட்டியிருந்தால்கூடப் போதும், பத்து வருஷ சர்வீஸ் தேவையில்லை. ஆனால் நிபந்தனை, பார்த்துக்கொண்டிருந்த வேலைக்கு 'நிரந்தரமாக, முழுமையாக' லாயக்கில்லாமல் போயிருக்க வேண்டும். அதே வேலையைப் பாதி நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறவர் முழுமையாக என்ற சொல்லுக்குள் எப்படி வருவார்? பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சமாவது பார்ப்போம் என்று போகிறவர், முடியும் என்று தானே சாட்சி சொல்லிக்கொள்கிறார்.

பீடிக்கு வருகிறேன். வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிற பெண்களுக்குப் பொதுவாக இ.எஸ்.ஐ. கிடையாது. 1976-ல் வந்த சட்டத்தின்படி பீடிக்கு வரி போட்டு ஒரு நல நிதி வைத்திருந்தார்கள், முக்கூடல் ஆஸ்பத்திரி அந்த வழியில் வந்ததுதான். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த வரியை எடுத்துவிட்டார்கள். பீடிக்காரர்களுக்கு இருக்கிற உறுதியான சொத்து பி.எஃப்.தான். மற்ற பெரும்பாலான தொழில்களில் 12 சதவீதம், பீடியில் 10 சதவீதம் பிடிப்பார்கள்.

பக்கத்து வீட்டுச் சித்திக்கு (ரத்த உறவு இல்லை, அப்படித்தான் கூப்பிடுவோம்) இரண்டு கை விரல் மூட்டும் வாதத்தில் வளைந்துவிட்டது. பீடி சுற்றுவதைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அதில் விரலுக்கு எவ்வளவு வேலை என்று தெரியும். நனைத்த இலையைக் கத்தரியால் வெட்ட வேண்டும். வெட்டிய இலையை இடது உள்ளங்கையில் வைத்து, தூளைப் பரப்பி, இரண்டு கைப் பெருவிரலாலும் உருட்ட வேண்டும். நுனியை நகத்தால் மடித்து உள்ளே குத்தி, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இழுக்க வேண்டும். ஒரு பீடிக்கு இவ்வளவு, ஆயிரம் பீடிக்கு ஆயிரம் தடவை. சித்தி வாதம் வந்தபிறகு வேலையைத் துண்டு துண்டாக்கிக்கொண்டார். காலையில் விரல் இறுகிக் கிடக்கும், அப்போது கத்தரி பிடிக்க மாட்டார், இலையை நனைத்துத் துணியில் சுற்றி வைப்பதோடு சரி. பத்து மணிக்கு மேல் வெந்நீரில் கையை வைத்து எடுத்துவிட்டு வெட்டு. வெயில் ஏறி விரல் நெகிழ்ந்த பிறகுதான் சுளகை மடியில் எடுப்பார். மூன்று மணி நேரம். அதற்கு மேல் மகள் காலேஜ் விட்டு வந்து சுற்றுவாள், பாஸ்புக்கில் ஏறுவது அம்மா பெயரில்.

எந்தச் சட்டமும் கொடுக்காத குறைந்த நேர வேலையைச் சித்தி தானே அமைத்துக்கொண்டார். பீடியில் அதற்கு இடம் இருக்கிறது, கேட்க சூப்பர்வைசர் கிடையாது. ஆனால் எண்ணிக்கை குறைந்தால் கடையில் இலை அளப்பதைக் குறைப்பார்கள், பிறகு கணக்கே முடிந்துவிடும் என்ற பயம் இருக்கிறது. மகள் கை கொடுப்பது அந்தப் பயத்தால்தான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, இந்தப் பக்கத்தில் பாதி வீட்டு பி.எஃப். கணக்கு இப்படித்தான் உயிரோடு இருக்கிறது.

சித்திக்கு ஹைகிரவுண்டில் 40-க்கு மேல் சதவீதம் கிடைத்தது. அட்டை வந்தது, மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு எழுதிப் போட்டோம். 2023 ஜனவரியிலிருந்து அது மாதம் 1500 ரூபாய், அதற்கு முன் ஆயிரம். முதியோர் உதவித்தொகையை அதே வருஷம் ஆகஸ்டில் 1200 ஆக்கினார்கள். 1200-க்கு மேல் கால் பங்கு சேர்த்தால் 1500. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மற்றவர்களுக்குத் தருவதைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. கணக்கு நயா பைசா பிசகாமல் அந்தக் குறைந்தபட்சத்தில் நிற்கிறது. ஒன்றிய அரசின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பு வரும். 80 சதவீதத்துக்கு மேல் ஊனம் உள்ள, வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு மட்டும், மாதம் 300 ரூபாய்.

இந்த ஓய்வூதியத்தில் நாளும் இல்லை, மணியும் இல்லை. பார்ப்பது ஊனத்தின் சதவீதத்தையும் வீட்டின் வறுமையையும்தான். விசாரிக்க வந்தவர் வாசலில் கிடந்த சுளகைப் பார்த்துவிட்டு, 'பீடி சுத்துதீங்களே, அப்புறம் எதுக்கு பென்சன்?' என்றார். சித்தி பதில் சொல்லவில்லை. கையை நீட்டிக் காட்டினார். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். நாலு மாதத்தில் பணம் வந்தது. ஆனால் அன்றிலிருந்து வேற்றாள் வாசலுக்கு வந்தால் சுளகை உள்ளே எடுத்து வைத்துவிடுகிறார். கொஞ்சம் உழைப்பதும் கொஞ்சம் உதவி வாங்குவதும் ஒன்றாக இருக்கக்கூடாது என்ற எண்ணம் எல்லோர் மனதிலும் அப்படிப் படிந்திருக்கிறது.

இத்தனைக்கும் நம் ஊரிலேயே மணியை எண்ணுகிற விதி ஒன்று இருக்கிறது. நூறு நாள் வேலையில் மாற்றுத்திறனாளிகள் பாதி வேலை பார்த்தால் முழுக் கூலி தர வேண்டும் என்று தமிழக அரசு 2012-ல் உத்தரவு போட்டது. அரசாணை 52 என்று சங்கத்துக்காரர்கள் வாயில் இன்றைக்கும் நிற்கிறது. நாலு மணி நேரம், முழுச் சம்பளம். தண்ணீர் கொடுப்பது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது மாதிரி வேலைகள். ஜெர்மனிக்காரன் ஓய்வூதியத்தில் செய்வதை நாம் கம்மாய்க் கரையில் செய்தோம். எல்லாப் பஞ்சாயத்திலும் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். 2025 டிசம்பரில் நூறு நாள் வேலைக்குப் பதிலாகப் புதுச் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். இந்த நாலு மணி நேரத்தை அதிலும் கேட்டு வாங்க வேண்டும்.

அரசு வேலையில் இருக்கிறவர்கள் பாடு தேவலை. பணியில் இருக்கும்போது ஊனம் வந்தால் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும் என்று 2016 சட்டத்தின் 20-ஆவது பிரிவு சொல்கிறது. தனியாருக்கு அந்தப் பிரிவு இல்லை.

நேரத்தைக் குறைக்க வேண்டிய தேவையே சில இடங்களில் ஒரு முக்காலியோடு தீர்ந்துவிடும். டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிற ஒரு தங்கச்சிக்குச் சின்ன வயதில் வந்த போலியோவால் இடது கால் மெலிவு. பத்து மணி நேரம் நிற்க முடியாமல், சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு மதியத்தோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். 2021-ல் தமிழ்நாட்டுக் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்று ஆக்கினார்கள். அதை அச்செடுத்துக் கொடுத்தேன். 'முதலாளி கோவப்படுவாரு அண்ணே' என்றாள். பிறகு அவளோடு வேலை பார்க்கிற நாலைந்து பேர் சேர்ந்து போய்க் கேட்டார்கள். முக்காலி வந்தது. இப்போது ராத்திரி எட்டு வரை இருக்கிறாள். அவளுக்குக் குறைக்க வேண்டியிருந்தது நிற்கிற நேரத்தைத்தான்.

உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாறலாம் என்று நினைக்கிறவர்களுக்குத் தென்காசி பக்கம் ஆய்க்குடி இருக்கிறது. கடற்படை அதிகாரித் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோன எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் ஆரம்பித்த அமர் சேவா சங்கம். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தொழில் பயிற்சியும் உடற்பயிற்சி சிகிச்சையும் அங்கே உண்டு.

சம்பளம் பாதியானால் வீட்டில் முதலில் இடிப்பது அரிசியோ பருப்போ இல்லை, வாரக் குழுக் கடன்தான். ரேஷன் அரிசி இருக்கிறது, கடைக்காரர் ஒரு வாரம் பொறுப்பார். குழுப் பணத்துக்கு ஆள் வீட்டு வாசலில் வந்து உட்காருவான், கூடவே குழுவில் இருக்கிற மற்ற பெண்களும். மதினி செய்த நல்ல காரியம், அண்ணன் வேலையைக் குறைப்பதற்கு ஒரு மாதம் முன்னாலேயே மோதிரத்தை விற்று ஒரு கடனை முடித்ததுதான். அப்புறம் பஸ். அடையாள அட்டை இருந்தால் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிகளுக்கு 2021-லிருந்து டிக்கெட் இல்லை. அண்ணனுக்கு 40 வராததால் அதுவும் இல்லை. போக வர 50 ரூபாய் என்றால் அரை நாள் கூலியில் ஐந்தில் ஒரு பங்கு பஸ்ஸுக்கே போய்விடும். அரை நாள் வேண்டாம், முழு நாளாக மூன்று நாள் என்று அவர் பிடிவாதம் பிடித்ததற்கு அதுதான் காரணமாம். என் கணக்கில் அது வரவேயில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி, தரையில் விரித்து, அண்ணனும் நானும் எண்ணினோம். 75 குறி. முகம் செத்துப்போய்விட்டது. ஆறு மாதத்தில் ஒரு நாள் கூடத் தவறவில்லை, மாசிக் காய்ச்சலோடுகூடப் போயிருக்கிறார். மில் மூடியிருந்த இரண்டு வியாழக்கிழமைதான் இடித்தது. அக்டோபர் 2 ஒன்று, தைப்பொங்கல் ஒன்று.

'பொங்கலுக்குச் சம்பளம் போட்டாங்களா இல்லையா?' என்றேன். சம்பளச் சீட்டுகளை எடுத்துவரச் சொன்னேன். பொங்கலுக்குச் சம்பளத்தோடு லீவு. ஜனவரி 26, அன்றைக்குத் திங்கட்கிழமை, அவர் போகிற நாளே இல்லை, அதற்கும் போட்டிருந்தார்கள். சம்பளம் உண்டென்றால் பங்களிப்பும் உண்டு, நாள் கணக்கில் ஏறும். காந்தி ஜெயந்திக்கு மட்டும் இல்லை, அப்போதுதான் திரும்ப வேலைக்குச் சேர்ந்திருந்தார். சிவப்புப் பேனாவை வாங்கி இரண்டு கட்டத்தில் குறி போட்டேன். 77.

மிச்சம் இருப்பது ஒரே நாள். மார்ச் 31, செவ்வாய். அன்றைக்குத்தான் தெருவில் இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழா, அண்ணன் அதற்கு வரி கொடுக்கிற வரிதாரர். அவர் மதினியைப் பார்த்தார்.

மதினி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. 'சாமத்துலதான படைப்பு. மில்லுக்குப் போயிட்டு வந்து குளிச்சிட்டுப் போங்க' என்றார்.